சொந்தக் கடைக்கு வாடகை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் வரி அதிகாரி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவருக்குப் பக்கத்தில் டைப் அடிக்கிற ஒரு குமாஸ்தா. இந்தப் பக்கம் எங்கள் ஆடிட்டர். அவருக்கு அடுத்து என் பெரியாத்தா, மடியில் ஒரு பச்சைத் தகரப் பெட்டி. பெரியாத்தாவுக்கு அடுத்து நான். எனக்குப் பின்னால், உட்கார நாற்காலி இல்லாமல், சுவரில் சாய்ந்தபடி என் வீட்டுக்காரி சிகப்பி. ஒரு பியூனும் இருந்தார். ஆனால் விசாரணை ஆரம்பிக்கும் முன்பே டீ வாங்கப் போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

யாருடைய சொத்தைப் பற்றிய விசாரணையோ அவர் வரவில்லை. பெரியப்பச்சி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மரண வரி என்று அப்போது ஒன்று இருந்தது. எஸ்டேட் டூட்டி என்பார்கள். ஒருவர் கண்ணை மூடினால் அவர் விட்டுப்போனதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஓர் அளவுக்கு மேலே இருந்தால் சர்க்கார் அதில் ஒரு பங்கு கேட்கும். அதற்குத்தான் மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் முதல் நாளே காகிதங்களை மூன்று தடவை எடுத்து அடுக்கிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நாலாவது தடவை எடுத்தேன். சிகப்பி பிடுங்கித் தன் கூடைக்குள் வைத்துக்கொண்டாள். நான் அப்படிப்பட்டவன். கடையைப் பூட்டிவிட்டு நாலு தப்படி நடந்தால் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது. படிப்பும் ஒன்பதாவதோடு சரி. அப்படிப்பட்ட ஒருவனைக் கொண்டுபோய் மதுரையில் ஓர் அதிகாரி முன்னால் உட்கார வைத்தாரே அந்த மனிதர், அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெரியப்பச்சி என்றால் என் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அண்ணன். பெரியாத்தா அவர் மனைவி. பிள்ளை கிடையாது. நாச்சியாபுரத்தில் எங்கள் பொது வீட்டில் வலது பக்கத்து அறைகள் அவருக்கு, இடது பக்கம் எங்களுக்கு. என் அப்பச்சி மலேயாவில் தவறிப்போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான். என் தங்கை கல்யாணத்தை நடத்தியவரும் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் திட்டப் போகிறேன். நன்றி கெட்டவன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அவர் கஞ்சன் இல்லை. கஞ்சனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. கஞ்சனிடம் யார் என்ன எதிர்பார்க்கப் போகிறார்கள்? இவர் கொடுப்பார். கேட்காமலே கொடுப்பார். நாலு பேர் பார்க்கக் கொடுப்பார். கொடுத்த பொருளிலிருந்து தன் கையை மட்டும் எடுக்க மாட்டார்.

என் கல்யாணத்துக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். சிங்கப்பூர் சரக்கு. பந்தலில் எல்லார் முன்னாலும் அவரே என் கையில் கட்டிவிட்டார். மறுநாள் காலையில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், வந்து எதிரில் நின்று, "கொண்டா" என்றார். இடது கையை நீட்டினேன். கழற்றி, காதில் வைத்துக் கேட்டு, சாவி கொடுத்து, திரும்பக் கட்டிவிட்டார்.

"நீ முறுக்கிப்புடுவடா. கடியாரம் ஒனக்குத்தான். நான் பாத்துக்கிறேன்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதுதான் அவர் வழக்கம். ஒனக்குத்தான். நான் பாத்துக்கிறேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் என் கையைப் பிடித்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அவர் திருப்பதிக்குப் போயிருந்த பத்து நாளும் கடிகாரம் நின்றே கிடந்தது. நான் தொடவில்லை. முறுக்கிவிட்டால்?

பெரியாத்தாவுக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தார். பெரியாத்தாவுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் அப்போதெல்லாம் ரேடியோவுக்கு வாங்க வேண்டியிருந்த லைசென்ஸ் அவர் பேரில். ரேடியோ அவர் அறையில். திறந்தால் அவர் கேட்கிற செய்தி. ஒருநாள் சிகப்பி, கல்யாணமாகி வந்த புதிது, வாய் சும்மா இருக்காது, அவரிடமே கேட்டுவிட்டாள்.

"இந்த ரேடியோ யாருதுங்க?"

"இதென்ன கேள்வி? ஒங்க பெரியாத்தாவோடதுதான். ஊருக்கே தெரியும்."

"அப்ப அவுக ஏன் ஒருநாளும் திருகிப் பாக்கலை?"

"திருகுறது மட்டும் நானு" என்றார் பெரியப்பச்சி, கொஞ்சமும் கூச்சப்படாமல். பெரியாத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுசாக விளங்கவில்லை.

என் படிப்பு போனதும் அப்படித்தான். ஒன்பதாவதுக்குச் சம்பளம் அவர் கட்டினார். கட்டியவர் சும்மா இருக்கலாம் அல்லவா? மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பார். கட்டின பணத்துக்கு வாத்தியார் ஒழுங்காகச் சொல்லித் தருகிறாரா என்று பார்க்கவாம். கணக்கு வாத்தியார் போர்டில் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட, பின்னாலிருந்து "நில்லுங்க, அங்குட்டு ஒரு சைபர் விட்டுப்போச்சு" என்று சத்தம் வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவரை இல்லை, என்னை. அந்த வருஷத்தோடு நான் நின்றுவிட்டேன். காரணம் அவரிடம் சொல்லவில்லை. "படிப்பு ஏறலை" என்றேன். "அப்ப சரி, கடைக்கு வா" என்றார்.

காரைக்குடியில் அவருக்கு ஒரு கட்டிடம் இருந்தது. கீழே கடை, மேலே சாமான் போட ஓர் அறை. அதில் எனக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்துக் கொடுத்தார். வாடகை மாதம் அறுபத்தைந்து ரூபாய். அது நியாயமான வாடகை. குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கல்லாவுக்கு எதிர் ஸ்டூலில் உட்காருவார். கடிகாரத்துக்குச் சாவி. பிறகு மஞ்சள் பையிலிருந்து ரசீதுப் புத்தகம். நம்பர் போட்டு, தேதி போட்டு, "கடை வாடகை வரவு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுப்பார். அடிக்கட்டை புத்தகத்திலேயே இருக்கும். ரசீது போடாமல் ஒரு காசு வாங்கியதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கணக்கு என்பது சாமிக்கு அடுத்தது.

பங்காளிகள் அவரைப் பிள்ளை கூட்டிக்கொள்ளச் சொல்லி வருஷா வருஷம் கேட்டார்கள். எங்களில் பிள்ளை இல்லாதவர்கள் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பதுதான் முறை. இவர் மசியவில்லை. "கூட்டுனா அன்னையிலேருந்து சாவிக்கொத்து ரெண்டாயிரும்" என்பார். அவ்வளவுதான் அவருடைய காரணம்.

அவருக்குப் பிடித்தது உயில். உயில் எழுதுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. எழுதுவார், ஆறு மாதம் கழித்துக் கிழிப்பார், வேறு எழுதுவார். "முத்திரைத்தாள் வேணாம், ரிஜிஸ்தர் வேணாம், புத்தி தெளிவா இருக்கணும், ரெண்டு பேர் பாக்கக் கையெழுத்துப் போடணும், அந்த ரெண்டு பேரும் சாட்சி போடணும், முடிஞ்சுச்சு" என்று தெருவில் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துவார். பிடித்ததற்குக் காரணம் வெளிப்படை. உயிலில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். சாகிறவரைக்கும் ஒரு பித்தளைக் கரண்டிகூட வீட்டை விட்டுப் போகாது.

அறுபத்தி நாலாம் வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துக்கொண்டார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆடிட்டரிடம் போனார். உயில் எழுதி வைத்திருப்பதைப் பெருமையாகச் சொன்னார். ஆடிட்டர் தலையை ஆட்டினார்.

"உயில் சரிண்ணே. அது யாருக்குப் போகணும்னு சொல்லும். வரியைத் தடுக்காது. நீங்க சாகும்போது ஒங்க கையில என்ன இருக்கோ அத்தனைக்கும் மரண வரி உண்டு. உயிலும் ஒங்க கையில இருக்கிற மாதிரிதான்."

"அப்ப என்னதான் வழி?"

"இருக்கும்போதே குடுத்துருங்க. தம்பிக்குக் கடைக் கட்டிடத்தைத் தானமா செட்டில்மெண்ட் எழுதிருங்க. எழுதின நாளிலேருந்து ரெண்டு வருஷம் நீங்க இருந்துட்டீகன்னா, அதுக்கு மரண வரி இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போயிட்டா, குடுக்காத மாதிரிதான்."

"இங்கிலீசுத் தேதிக்கு ரெண்டு வருஷமா, தமிழ் மாசத்துக்கா?"

"இங்கிலீசுத் தேதிக்கு."

பெரியப்பச்சி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "இன்னொண்ணு. குடுத்தா குடுத்ததா இருக்கணும். அப்பறம் அதுல ஒங்க கை படக்கூடாது. அதிலேருந்து ஒத்தை ரூபாய்கூட ஒங்களுக்கு வரக்கூடாது. வந்துச்சுன்னா ரெண்டு வருஷமில்ல, இருபது வருஷம் ஆனாலும் குடுக்காத மாதிரிதான் எடுத்துக்குவாக."

இதை நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன். அதனால்தான் என் ஆத்திரத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது.

ஆவணி மாதம் பத்திரம் பதிவாயிற்று. தானத்துக்கு உண்டான வரியும் கட்டினார். கைநாட்டு மை துடைத்த கையோடு என் தலையில் கைவைத்து, "இனிமே நீ கட்டிடக்காரன்டா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பச்சி இல்லாமல் வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு மாதம் கழித்துப் பத்திரம் கைக்கு வந்தது. அதை வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். "ஒங்கடையில ஈரம். பத்திரம் ஒன்னுதுதான். நான் பாத்துக்கிறேன்."

அதற்கும் முன்பே, பதிவு முடிந்து வந்த முதல் ஒன்றாம் தேதியே, காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். சாவி கொடுத்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளை வைத்து, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

"பெரியப்பச்சி, இனிமே..."

"இனிமே என்னா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவர் கேட்கிற மாதிரி கேட்டார். கடையில் இரண்டு பெண்பிள்ளைகள் கல்யாணச் சாமானுக்குக் குடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லாவைத் திறந்து அறுபத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கிழித்தார்.

வீட்டில் சிகப்பியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சொந்தக் கடைக்கு வாடகை குடுத்துட்டு வந்தீகளா?"

"எப்படிடி குடுக்காம இருக்கிறது? வந்து உக்காந்திருக்காரு."

"உக்காந்தா காப்பி வாங்கிக் குடுத்து அனுப்புறது. அதுக்குப் பேரு வாடகையா?"

"ஆடிட்டர் சொன்னாரு, குடுக்கக்கூடாதுன்னு."

"அதை எங்கிட்டச் சொல்றீக. அவுகள்ட்டச் சொல்லுங்க."

சொன்னேன். நாலாவது மாதம், நிறைய யோசித்து, சுற்றி வளைத்துச் சொன்னேன். "பெரியப்பச்சி, பணம் நீங்க வாங்கிக்கங்க, ஒங்களுக்குச் செய்யறதுக்கு எனக்குக் கசக்குமா? ரசீது மட்டும் வேணாம். ரசீதுன்னா பின்னாடி..."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ரசீது இல்லாமக் காசு வாங்க நான் என்ன பிச்சைக்காரனாடா? எங்க அப்பச்சி காலத்துலேருந்து இந்தக் குடும்பத்துல துண்டுச் சீட்டு இல்லாம ஒரு பைசா கை மாறுனதில்ல. நீ எட்டாவது படிச்சவன், எனக்குக் கணக்குச் சொல்ற!"

ஒன்பதாவது என்று திருத்த வாய் வரை வந்தது. அதையும் விழுங்கினேன்.

பிறகு அவர் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார். எந்த நிறம் என்று என்னைக் கேட்கவில்லை. கதவுக்கு வேறு பூட்டு மாட்டி, ஒரு சாவியை என்னிடமும் இன்னொன்றைத் தன் அரைஞாணிலும் வைத்துக்கொண்டார். ஆடிட்டரைக் கோவிலூர் மடத்தில் ஒருதடவை பார்த்தேன். "வாடகை எதுவும் குடுக்கலையே தம்பி?" என்று கேட்டார். "இல்லண்ணே" என்றேன். சந்நிதிக்கு எதிரில் நின்று சொன்ன பொய் அது. அன்றிலிருந்து இரண்டு பயம். பெரியப்பச்சி இரண்டு வருஷத்துக்குள் போய்விடுவாரோ என்பது ஒன்று. போகாவிட்டாலும் அந்த ரசீதுகள் இருக்கின்றனவே என்பது இன்னொன்று. அவர் இருமினால் எனக்கு வேர்க்கும். பெரியாத்தாவிடம் போய், "ராத்திரி நல்லாத் தூங்கினாகளா?" என்று விசாரிப்பேன். பாசம் என்று நினைத்துப் பெரியாத்தா கண் கலங்குவார். எனக்கு வெட்கமாக இருக்கும். பாசமும் இருந்ததுதான், ஆனால் அது மட்டும் இல்லையே.

அவருக்கு ஒரு பயமும் இல்லை. இரண்டு வருஷத்தையும் நாள்காட்டியில் கிழித்துக் கிழித்துக் கழித்தார். முடிந்த அன்று சலவை வேட்டி கட்டி, ஒரு பொட்டலம் சீப்புச்சீடையோடு கடைக்கு வந்தார்.

"ஏய், இன்னையோட தேதி முடிஞ்சுச்சுடா. சர்க்காரை செயிச்சாச்சு. இனிமே நான் எப்ப வேணாலும் போகலாம்."

என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்களுக்கெல்லாம் சீடை கொடுத்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். புறப்படுகிற நேரத்தில், "வந்தது வந்தேன், ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாலு நாள்தான் கெடக்கு. அடுத்த மாச வாடகையையும் குடுத்துரு. எனக்கு ஒரு பஸ் சார்ஜ் மிச்சம்" என்றார்.

கொடுத்தேன். ரசீது போட்டார். அந்தப் புத்தகத்தின் மேலேயே சீடை மாவு சிந்தியது, ஊதிவிட்டு எழுதினார். அந்த மனிதருக்குத் தான் செய்வது என்ன என்று தெரியவே இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஏமாற்றுகிறவர் என்றால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். இவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் மனசார அந்தக் கடையை எனக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த பிறகு வாடகை வாங்கக் கூடாது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். எழுபதாம் வருஷம் செப்டம்பர் மூன்றாம் தேதி காலையில், பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நான்தான் கொள்ளி வைத்தேன். அழுதேன், நிஜமாகவே அழுதேன். மறுநாள் பயம் ஆரம்பித்துவிட்டது.

இனி மதுரை.

ஆடிட்டர் நன்றாகத்தான் பேசினார். கடைக் கட்டிடம் ஆறு வருஷத்துக்கு முன்பே தானமாகக் கொடுத்தாயிற்று, இரண்டு வருஷக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, வீட்டு வரி என் பேரில் இருக்கிறது, ஆகையால் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார். அதிகாரி பத்திரத்தைப் படித்தார். "பத்திரம் ஒழுங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கட்டிடத்துக்கு வாடகை வருமா?"

"நானே கடை வச்சிருக்கேன், ஐயா."

"இந்த ஆறு வருஷத்துல இறந்தவருக்கு அதிலிருந்து ஏதாவது வந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆடிட்டரிடம் சொன்ன பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதான். வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியாத்தா மடியிலிருந்த பச்சைப் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்குதுங்க. அவுக கணக்கு அவ்வளவு சுத்தமா இருக்கும். நீங்களே பாருங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன். நாற்பத்தைந்து வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்து, வெளி ஆள் ஒருவரிடம் அவரைப் பற்றிப் பெருமையாகக் காட்ட அவருக்குக் கிடைத்த ஒரே பெட்டி அது.

அதிகாரி ரசீதுப் புத்தகங்களை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பத்திரம் எழுதிய பிறகு மட்டும் எழுபத்திரண்டு அடிக்கட்டைகள். ஒரு மாதம்கூட விடுபடவில்லை, ஒரு நம்பர்கூடத் தாண்டவில்லை. "கடை வாடகை வரவு ரூ. 65." "கடை வாடகை வரவு ரூ. 65."

"இவ்வளவு ஒழுங்கான கணக்கை நான் பார்த்ததே இல்லை" என்றார் அதிகாரி. கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். பெரியாத்தா முகம் மலர்ந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், இது கொடுத்த சொத்து இல்லை. கொடுத்த மாதிரி எழுதிவச்சு, கடைசிவரைக்கும் அவரே அனுபவிச்சிருக்கார். இறந்தவர் சொத்தோட சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"கொடுத்தாருய்யா! கொடுக்கலைன்னு சொல்லாதீக. என் தலையில கை வச்சுக் கொடுத்தாரு. அவரு கொடுத்தா இப்படித்தான் கொடுப்பாரு. ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க!"

"அப்போ நீங்க ஏன் வாடகை கொடுத்தீங்க?"

"வந்து உக்காந்திருந்தாருய்யா."

அதிகாரி ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் ஒரு பெரியப்பா இருந்திருப்பாரோ என்னவோ. பிறகு, "அதைச் சட்டத்துல எங்க எழுதறதுங்க?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குமாஸ்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். டைப் சத்தம் மறுபடி கேட்டது.

வெளியே வந்ததும் ஆடிட்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மடத்துல வச்சு எங்கிட்ட இல்லன்னு சொன்னியேப்பா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த மனுசனை உக்கார வச்சுப் பேசியிருப்பேன்ல?" அதற்குச் சிகப்பிதான் பதில் சொன்னாள்: "நீங்க பேசியிருந்தா அதுக்கும் ஒரு ரசீது போட்டிருப்பாக." பெரியாத்தாவுக்கு என்ன நடந்தது என்று பஸ் மேலூர் தாண்டும்போதுதான் புரிந்தது. "நான் பெட்டியைத் தொறந்திருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டார். "இல்ல பெரியாத்தா, நீங்க சரியாத்தான் செஞ்சீக" என்றேன். வேறென்ன சொல்ல?

உயில்படி மற்ற சொத்தெல்லாம் பெரியாத்தாவுக்கு. அதற்கு உண்டான வரியைப் பெரியாத்தா கட்ட வேண்டும். கடைக்கு உண்டானதை நான் கட்ட வேண்டும். முன்னால் கட்டிய தான வரியைக் கழித்தது போக என் பங்கு ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். எட்டுத் தவணை, ஆறு மாதத்துக்கு ஒன்று, வட்டியோடு. முதல் இரண்டு தவணைக்குச் சிகப்பியின் வெள்ளிச் சாமான் போயிற்று. மூன்றாவதுக்கு அவள் வைரத்தோடு. கழற்றிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மிச்சத்தைக் கடை சம்பாதித்துக் கட்டியது. கட்டிடத்தை விற்றுவிடு என்று நாலு பேர் சொன்னார்கள். நான் விற்கவில்லை. தானமாக வந்ததற்கு வாடகை கட்டினேன், வாடகை கட்டியதற்காக வரி கட்டினேன், இனி விற்கவும் வேண்டுமாக்கும்! நாலு வருஷத்தில் கடைசித் தவணையும் முடிந்தது. சர்க்காருக்கு என்னிடம் இப்போது பாக்கி இல்லை.

பாக்கி வேறு இடத்தில் இருக்கிறது.

வரி உத்தரவோடு சொத்துப் பட்டியல் ஒன்று வந்தது. கடைசிப் பக்கத்தில் இறந்தவருக்கு வரவேண்டிய கடன்கள். அதில் இப்படி ஒரு பதிவு: எழுபதாம் வருஷம் செப்டம்பர் மாதக் கடை வாடகை. ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் பெரியப்பச்சியின் பேரேட்டைத் திறந்து காட்டினார். ஒன்றாம் தேதி அவருக்கு உடம்பு முடியவில்லை, பஸ் ஏறவில்லை. ஆனால் பேரேட்டைக் கேட்டு வாங்கி, நடுங்கின கையெழுத்தில், என் பேருக்கு நேரே "வரவேண்டியது" என்று எழுதி வைத்திருந்தார். செத்துப்போவதற்கு இரண்டு நாள் முன்னால்! அதையும் அவர் சொத்தாகச் சேர்த்து, அதற்கும் வரி போட்டிருந்தார்கள். வரவேண்டிய கடன் எல்லாம் உயில்படி பெரியாத்தாவுக்கு.

பெரியாத்தாவுக்கு அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பணத்துக்காக இல்லை, அவருக்குப் பணத்துக்கு என்ன குறை. போன பொங்கலன்று அவர் அறைக்குப் போயிருந்தபோதும் ஆரம்பித்தார்.

"அதைக் குடுத்துருப்பா. அவுக பேரேட்டுல அந்த ஒரு வரிதான் அடிக்காம நிக்குது. எடுத்துப் பாக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துது."

"பெரியாத்தா, வேற என்ன வேணாலும் கேளுங்க. நூறு கேளுங்க, ஆயிரம் கேளுங்க, கொண்டாந்து வைக்கிறேன். அதை மட்டும் கேக்காதீக."

"அறுபத்தஞ்சு ரூவாய்க்கா இவ்வளவு கோவம்?"

"அதைக் குடுத்தா அந்தக் கடை என்னோடது இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அதிகாரி சொன்னாரு, சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். அவுக எனக்குக் கொடுத்தாக."

பெரியாத்தா எழுந்து போய் எனக்குக் காப்பி கலந்துகொண்டு வந்தார்.

கணக்குத் தீராமல் ஒரு மனிதருக்கு நான் கடன்காரனாக இருப்பது எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம்தான். என் காலத்துக்குப் பிறகு என் மகன் தலையில் வந்து விடியுமோ என்றுகூட யோசிக்கிறேன். இருந்தாலும் கொடுக்கப் போவதில்லை. யாராவது கேட்டால் மறைக்கவும் போவதில்லை. செப்டம்பர் மாத வாடகை, ரூபாய் அறுபத்தைந்து, இன்றுவரை பாக்கி.